காதல் படமும் இரண்டுங்கெட்டான் வயதும்: பெற்றோர் எதைப் பார்த்து முடிவு செய்வது?



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் அலுவலகத்துக்கு ஒரே மாதிரியான கேள்வி வருகிறது. “பிள்ளைக்குப் பதினொரு வயது. வகுப்பில் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம். இந்தப் படத்தைப் பார்க்க விடலாமா?” கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். கேட்கப்படும் படம் பெரும்பாலும் காதல் படம். “ஆபாசம் ஒன்றும் இல்லையாம், குடும்பத்தோடு பார்க்கலாமாம்” என்ற சமாதானமும் கூடவே வருகிறது.

சினிமா பார்ப்பது பற்றிய மார்க்கத் தீர்ப்பு ஆலிம்கள் சொல்ல வேண்டியது. அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் டிவியே வேண்டாம் என்று இருக்கும் குடும்பங்களும் நம் மஹல்லாவில் உண்டு. அந்தப் பேணுதலுக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக. ஆனால் பல வீடுகளில் நிலைமை வேறு. அத்தா ஒரகடத்தில் இரண்டாவது ஷிப்டில் இருக்கிறார், அல்லது வளைகுடாவில் இருக்கிறார். அம்மாவும் வேலைக்குப் போகிறார். தாத்தா, நன்னி சொந்த ஊரிலேயே இருந்துவிட்டார்கள். பிள்ளையின் கையில் போன் இருக்கிறது. படம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட அந்தக் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

சான்றிதழ் சொல்வது என்ன?

1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி, தியேட்டரில் வரும் ஒவ்வொரு படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். ‘யு’ என்றால் எல்லா வயதினரும் பார்க்கலாம். ‘ஏ’ என்றால் பதினெட்டு வயது நிரம்பியவர்கள் மட்டும். இடையில் உள்ள ‘யு/ஏ’ 1983இல் வந்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பது அதன் பொருளாக இருந்தது. 2023இல் சட்டத்தைத் திருத்தி, இந்த ‘யு/ஏ’வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள்.

இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘யு/ஏ 13+’ என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தியேட்டரில் உள்ளே விடமாட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை அந்தப் படத்தைப் பார்க்கலாமா என்பதைப் பெற்றோர் யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ‘ஏ’ படத்துக்கு மட்டும்தான் தியேட்டர்காரர் பிள்ளையைத் தடுக்கக் கடமைப்பட்டவர். மற்றவற்றில் பொறுப்பு நம்முடையது.

நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஹாட்ஸ்டார் போன்றவற்றுக்கு வேறு ஏற்பாடு. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த நிறுவனங்களே தங்கள் தொடர்களுக்கும் படங்களுக்கும் வயது வகை போட்டுக்கொள்கின்றன. ‘13+’ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதியும் தர வேண்டும். வசதி இருக்கிறதே தவிர, பூட்டை நாம்தான் போட வேண்டும். யூடியூபில் தனியாக வெட்டிப் போடப்படும் பாடலுக்கும், ரீல்ஸில் முப்பது விநாடி ஓடும் காதல் காட்சிக்கும் இந்த வயது அடையாளம் கூட இருப்பதில்லை. பிள்ளைகள் அதிகம் பார்ப்பது அவற்றைத்தான்.

சான்றிதழ் சொல்லாதது

படத்தில் என்ன காட்டப்படுகிறது என்பதைச் சான்றிதழ் கணக்கில் எடுக்கிறது: ரத்தம், கெட்ட வார்த்தை, உடை, நெருக்கமான காட்சி. அதைப் பார்த்துவிட்டு எழும் பிள்ளை எதை மனத்தில் எடுத்துக்கொண்டு போகிறது என்பதை அது சொல்வதில்லை. காதல் படத்தில் அதுதான் முக்கியமான கேள்வி.

2018 அக்டோபரில் வந்த ‘96’ படத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிரேம்குமார் இயக்கிய படம். விஜய் சேதுபதியும் த்ரிஷாவும் நடித்தது. முத்தக் காட்சி இல்லை, இரட்டை அர்த்தப் பேச்சு இல்லை, அடிதடி இல்லை. “எவ்வளவு கண்ணியமான படம்!” என்று பெரியவர்கள் பாராட்டினார்கள். தஞ்சாவூர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். குடும்பச் சூழ்நிலையால் பையன் ஊரைவிட்டுப் போகிறான். இருபத்திரண்டு வருடம் கழித்துப் பழைய மாணவர் சந்திப்பில் இருவரும் மறுபடி பார்க்கிறார்கள். அவள் திருமணமாகிச் சிங்கப்பூரில் வாழ்கிறாள், ஒரு குழந்தையும் இருக்கிறது. அவன் திருமணமே செய்துகொள்ளவில்லை. ஒரு இரவு முழுக்கச் சென்னையில் பேசிக்கொண்டே சுற்றிவிட்டு, மறுநாள் பிரிகிறார்கள்.

நாற்பது வயதுக்காரர் இதைப் பார்த்தால், போன காலத்தை நினைத்து ஒரு பெருமூச்சு விடுவார். தன் வரம்பை அவர் அறிவார். பதினொரு வயதுப் பிள்ளை என்ன எடுத்துக்கொள்ளும்? பத்தாம் வகுப்பில் வரும் ஒரு உணர்வு ஆயுள் முழுக்க நிற்கும், அது நடக்காவிட்டால் வாழ்க்கையே நின்றுவிடும் என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வருடமே அந்த உணர்வு தானாகக் கரைந்து போகும் என்பது நமக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. இன்னொருவரின் மனைவியோடு ஒரு இரவு தனித்திருப்பதும் மிக அழகான இசையோடு காட்டப்படுகிறது. அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருப்பதை மார்க்கம் ஏன் தடுக்கிறது என்று இன்னும் கற்றுக்கொள்ளாத பிள்ளைக்கு, அதில் தவறு எங்கே இருக்கிறது என்று தெரியாது. நல்ல விஷயமும் படத்தில் உண்டு: அந்த ஆண் வரம்பு மீறுவதில்லை, அவளைத் தொடவே தயங்குகிறான். அந்த நல்லதையும் பிரித்துப் பார்க்க ஒரு பக்குவம் வேண்டும். ஆபாசம் இல்லை என்பதும் அந்த வயதுக்கு ஏற்றது என்பதும் வேறு வேறு.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 2004இல் பாலாஜி சக்திவேல் எடுத்த ‘காதல்’. மதுரையில் பள்ளி மாணவி ஒருத்தி ஒரு மெக்கானிக்குடன் சென்னைக்கு ஓடிப்போகிறாள். வீட்டார் ஏமாற்றி அழைத்து வந்து பிரிக்கிறார்கள், அவனை அடித்து நொறுக்குகிறார்கள். கடைசியில் அவன் புத்தி பேதலித்துத் தெருவில் திரிகிறான். விளைவைக் காட்டும் படம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்த விளைவு இரண்டுங்கெட்டான் வயதுப் பிள்ளையால் தாங்க முடியாத கொடூரத்தோடு வருகிறது. பெற்றோர் என்றாலே அடிப்பவர்கள் என்ற பயம்தான் மிஞ்சும். ‘பாடம் சொல்லும் படம்’ என்பதும் போதாது என்று இதிலிருந்து தெரிகிறது.

பார்க்க விடும் முன் கேட்க வேண்டியவை

1. கதையில் காதலிப்பவர்களுக்கு என்ன வயது? பள்ளிச் சீருடையில் இருக்கும் காதல், அதே வயதை எட்டப்போகும் பிள்ளைக்கு மாதிரியாகிவிடும். இருபத்தைந்து வயதுக்காரர்களின் கதையைப் பிள்ளை ‘பெரியவர்கள் விஷயம்’ என்று தள்ளி வைத்துப் பார்க்கும்.

2. ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு என்ன நேர்கிறது? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நம் படங்கள் பலவற்றில் பெண் முதலில் மறுக்கிறாள். நாயகன் பஸ் ஸ்டாப்புக்கு வருகிறான், வீட்டு வாசலில் நிற்கிறான், நண்பர்களை வைத்துக் கேலி செய்கிறான். இடைவேளைக்குள் அவள் சிரித்துவிடுகிறாள். இதைப் பார்க்கும் பையன் மறுப்பு என்றால் இன்னும் முயற்சி செய் என்று பொருள் என்று கற்கிறான். பெண் பிள்ளை, தன்னைப் பின்தொடர்வது அன்பின் அடையாளம் என்று கற்கிறாள். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, பின்தொடர்வதைக் காதலாகக் காட்டும் படங்களைப் பற்றித் தமிழ்நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது. விருப்பமில்லாத பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆவது பிரிவு அது. முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. திரையில் கைதட்டு வாங்கும் செயலுக்கு வெளியே வழக்கு வரும் என்பதைப் பிள்ளைக்கு யார் சொல்வது?

3. பெற்றோர் எப்படிக் காட்டப்படுகிறார்கள்? முட்டாளாகவோ வில்லனாகவோ மட்டும் காட்டப்பட்டால், ‘வீட்டில் சொன்னால் கெட்டுப்போகும்’ என்பதுதான் பாடம். கதையில் ஒரு பெரியவராவது நிதானமாகக் காது கொடுத்துக் கேட்கிறாரா என்று பாருங்கள்.

4. பாடல்களை மட்டும் தனியாகப் பார்த்தால் எப்படி? கதையில் இல்லாத உடையும் அசைவும் பல படங்களில் பாட்டில்தான் வருகின்றன. பிள்ளை திரும்பத் திரும்பப் பார்ப்பதும் பாட்டைத்தான்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் மோசமாக இருந்தால், மற்ற மூன்றும் சரியாக இருந்தாலும் அந்தப் படம் இந்த வயதுக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பையன்களையும் சேர்த்துத்தான்

‘பெண் பிள்ளை இருக்கிறாள், சேனலை மாற்று’ என்று சொல்லும் வீடுகளில், பையன் தன் அறையில் என்ன பார்க்கிறான் என்று கேட்பதில்லை. பார்வையைத் தாழ்த்துவது பற்றிச் சூரத்துன் நூர் பேசும்போது 30ஆவது வசனத்தில் முதலில் ஆண்களிடம்தான் பேசுகிறது. அடுத்த வசனத்தில்தான் பெண்களிடம் வருகிறது. பின்தொடரும் நாயகனைப் பார்த்துக் கற்பவன் பையன். நாளை யாருடைய மகளுக்கோ தொல்லையாக அவன் ஆகாமல் பார்ப்பதும் நம் கடமை.

தடுப்பதோடு முடிந்துவிடுமா?

பெரும்பாலான நேரம் ‘இந்தப் படம் வேண்டாம்’ என்று சொல்லத்தான் வேண்டியிருக்கும். ஆனால் ஏன் வேண்டாம் என்று சொல்லாமல் போனை மட்டும் பிடுங்கினால், பிள்ளை அதே படத்தைத் தோழியின் போனில் பார்க்கும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளையைப் பள்ளி முடிந்து வரும் வழியில் ஒருவன் பின்தொடர்கிறான் என்று வையுங்கள். வீட்டில் ‘காதல்’ என்ற சொல்லையே வாயில் எடுக்க முடியாது என்றால், அவள் அதைச் சொல்லமாட்டாள். சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள், பத்தாவது முடிந்ததும் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்று பயப்படுவாள். அந்தப் பயத்தில் அவள் தனியாகிவிடுகிறாள். தொல்லை கொடுப்பவனுக்கு அதுதான் வசதி.

அபூ உமாமா (ரலி) அவர்கள் அறிவிப்பதாக முஸ்னது அஹ்மதில் ஒரு சம்பவம் இருக்கிறது. ஒரு இளைஞர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, விபச்சாரத்துக்கு அனுமதி கேட்டார். சுற்றியிருந்தவர்கள் அவரை அதட்டினார்கள். நபியவர்களோ அவரை அருகில் அழைத்து உட்காரவைத்தார்கள். உம் தாய்க்கு இதை விரும்புவீரா, மகளுக்கு விரும்புவீரா, சகோதரிக்கு விரும்புவீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். பிறகு அவர் மேல் கைவைத்து துஆ செய்தார்கள். இவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்டவரையே நபியவர்கள் அருகில் அழைத்தார்கள் என்றால், ஒரு சினிமாவைப் பற்றிக் கேட்கும் நம் பிள்ளையை நாம் விரட்டலாமா?

திருக்குர்ஆனும் இந்த விஷயத்தை மூடி மறைக்கவில்லை. சூரா யூசுஃபில் ஒரு பெண்ணின் ஆசையும், மூடிய கதவும், ஒரு இளைஞர் தன்னைக் காத்துக்கொண்டதும் கண்ணியமாகச் சொல்லப்படுகின்றன. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் ஆசை, வெட்கம், வரம்பு என்று பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல இடம் வேறில்லை. மக்தபில் உஸ்தாதிடம் சொல்லி இந்தச் சூராவின் வரலாற்றைக் கதையாகச் சொல்லவையுங்கள். வீட்டில் நீங்கள் தொடருங்கள்.

நாளை முதல் செய்யக்கூடியவை

படத்தைப் பெற்றோரில் ஒருவர் முதலில் பார்த்துவிடுங்கள். நேரம் இல்லை என்றால் பாடல்களையும் கடைசி அரை மணி நேரத்தையுமாவது பாருங்கள். ஷிப்ட் காரணமாக அதுவும் முடியாவிட்டால், பார்த்த ஒரு தாயிடம் மேலே உள்ள நான்கு கேள்விகளைக் கேளுங்கள். “நல்ல படமா?” என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஓடிடியில் பிள்ளைக்குத் தனிப் பெயரில் கணக்குப் பிரிவு வைத்து, வயது வரம்பையும் பின் நம்பரையும் போடுங்கள். பின் நம்பராக வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த பிறந்த தேதியை வைக்காதீர்கள். இரவில் போன் பெற்றோரின் அறையில் சார்ஜ் ஆகட்டும்.

பிள்ளை உங்களுக்குத் தெரியாமல் ஒரு படத்தைப் பார்த்துவிட்டது என்றால், முதல் பேச்சு திட்டாக இருக்க வேண்டாம். “அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னபோது அவன் என்ன செய்திருக்க வேண்டும்?” என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலில் இருந்து அது எதைக் கற்றிருக்கிறது என்பது தெரிந்துவிடும். பிறகு திருத்துவது எளிது.

யாராவது பின்தொடர்ந்தாலும், போனில் தொல்லை கொடுத்தாலும், வீட்டில் சொன்னால் படிப்பு நிற்காது என்று பிள்ளைக்கு இன்றே வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். தேவைப்பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை. நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கும் வரலாம். பிள்ளையின் பெயர் வெளியே போகாது.

நம் கண்களுக்குக் குளிர்ச்சியாக நம் பிள்ளைகளை அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.

— செயலாளர், அறக்கட்டளை நிர்வாகத்தின் சார்பில்