கண் இழந்தவர் கண்ட கனவு
அடிமைகளுக்காக எழுதிய ஆலந்துப் பெண்

நாலு வயதுச் சிறுமி. அம்மை போட்டது. உயிர் பிழைத்தாள். ஆனால் பார்வை போய்விட்டது!

அந்தச் சிறுமிதான், பிற்காலத்தில் அடிமைகளுக்காக வாதாடிய எழுத்தாளர் பெத்ரோனெல்லா மூன்ஸ்.

இவர் ஆலந்து நாட்டில் 1762-ம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் பாதிரியார். ஆர்டன்பர்க் என்ற சிற்றூரில் வளர்ந்தார். பிறர் புத்தகம் படிப்பதைக் கேட்டே அறிவை வளர்த்துக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் எழுதினார்கள். அப்படியே கவிதைகளும் கதைகளும் பிறந்தன.

மனித வியாபாரம்

அந்தக் காலத்தில் டச்சுக்காரர்கள் மனிதர்களை விற்றுப் பணம் சேர்த்தார்கள். ஆப்பிரிக்க மக்களைக் கப்பலில் ஏற்றி, தென் அமெரிக்காவில் உள்ள சூரினாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கரும்பு, காப்பித் தோட்டங்களில் வேலை. கூலி கிடையாது, சவுக்கடி உண்டு!

தமிழ்நாடும் இதற்குத் தப்பவில்லை. 17-ம் நூற்றாண்டில், பஞ்சத்தில் வாடிய ஏழைகளை டச்சுக்காரர்கள் விலைக்கு வாங்கினார்கள். பழவேற்காட்டில் இருந்து கப்பல் ஏற்றி, பட்டாவியாவுக்கு அனுப்பினார்கள். இன்றைய ஜகார்த்தாதான் அந்தப் பட்டாவியா.

பெண் நடத்திய பத்திரிகை

பெண்கள் அரசியல் பேசினால் ஊரே சிரித்த காலம் அது. ஆனாலும் 1798-ல் பெத்ரோனெல்லா ஓர் அரசியல் பத்திரிகையை நடத்தினார். "தாய்நாட்டின் தோழி" என்பது அதன் பெயருக்குப் பொருள். பெண்களின் உரிமைக்காக வாதாடினார். அடிமை முறையைக் கண்டித்தார்.

1814-ல் டச்சு அரசு அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. ஆனால், ஏற்கனவே அடிமையாக இருந்தவர்களுக்கு விடுதலை கிடைக்கவில்லை.

1817-ல் அவர் ஒரு நாவல் வெளியிட்டார். தென் அமெரிக்காவில் ஒரு புதுக் குடியிருப்பு. அங்கே அடிமை என்று யாரும் இல்லை. அந்தக் கற்பனை ஊருக்கு, தான் வளர்ந்த ஆர்டன்பர்க்கின் பெயரையே வைத்தார்!

கனவு பலித்தது

அவர் 1843-ல், தமது 80-வது வயதில் காலமானார். அடிமைகளின் விடுதலையை அவர் பார்க்கவில்லை.

20 ஆண்டுகள் கழித்து, 1863-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி சூரினாமில் விடுதலை வந்தது. ஆனால் நஷ்டஈடு யாருக்கு? எஜமானர்களுக்கு! ஓர் அடிமைக்கு 300 கில்டர் வீதம் அரசு கொடுத்தது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அவர்கள் இன்னும் 10 ஆண்டுகள் ஒப்பந்தக் கூலிகளாகத் தோட்டத்தில் உழைக்க வேண்டியதாயிற்று.

2023-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி, டச்சு மன்னர் வில்லெம் அலெக்சாந்தர் இந்தக் கொடுமைக்காக மன்னிப்புக் கேட்டார்.

மன்னர் ஒப்புக்கொண்ட அந்தக் குற்றத்தை, கண் இழந்த பெண் ஒருவர் 200 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்!