மனைவிக்கு எந்தத் துப்பாக்கி? அமெரிக்க வீடுகளில் எழும் கேள்வியும் அதன் மறுபக்கமும்

"நான் இரவு வேலைக்குப் போகிறேன். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் தனியே இருப்பார்கள். அவருக்கு முதல் கைத்துப்பாக்கியாக எதை வாங்கலாம்?" அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வீட்டுப் பொருளொன்றை வாங்குவது போல விலை, நிறை, தரம் எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தே அங்கு துப்பாக்கி தெரிவுசெய்யப்படுகிறது.

இலங்கை வாசகர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். இங்கு அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். வடக்கு கிழக்கில் போர்க்காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கோ, வீட்டு வளவில் ஒரு வெற்று ரவைக்கோது கிடந்தாலே என்ன நடக்கும் என்ற அச்சம் இன்னும் நினைவில் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் நிலைமை வேறு. பியூ ஆய்வு நிலையம் 2023இல் நடத்திய கருத்துக்கணிப்பில், வயதுவந்தோரில் 32 வீதமானோர் தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகக் கூறினர். அவர்களில் 72 வீதமானோர் பாதுகாப்பே அதற்கு முக்கிய காரணம் என்றனர். பெண்களில் நால்வரில் ஒருவரிடம் துப்பாக்கி இருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

தலைநகர் வொஷிங்டனில் 1976 முதல் கைத்துப்பாக்கிகளுக்கு நடைமுறையில் தடை இருந்தது. 2008இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதை ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீக்கியது. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிநபரின் அரசியலமைப்பு உரிமை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். 2010இல் வந்த இன்னொரு தீர்ப்பு அதை எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தச் செய்தது.

ஆனாலும் மனைவிக்காக வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கணவன் தன் பணத்தில் வாங்கி உண்மையான பரிசாகக் கொடுப்பதை, பெறுபவர் தடைசெய்யப்பட்டவராக இல்லாதவரை, மத்திய சட்டம் அனுமதிக்கிறது. இன்னொருவரின் பணத்தில் அவருக்காக வாங்கிவிட்டு, தானே உண்மையான கொள்வனவாளர் என்று படிவத்தில் எழுதுவது குற்றம். முன்னாள் பொலிஸ் அதிகாரி ஒருவர் தன் மாமாவின் பணத்தில் அவருக்காகத் துப்பாக்கி வாங்கினார். அந்த மாமா சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியானவர். அப்படியிருந்தும் 2014இல் உயர் நீதிமன்றம் அந்த அதிகாரியின் தண்டனையை உறுதிசெய்தது. மாநிலச் சட்டங்கள் இதற்கு மேலதிகமானவை. இலினோய் மாநிலத்தில் துப்பாக்கி உரிமையாளர் அட்டை வேண்டும். கலிபோர்னியாவில் பாதுகாப்புப் பரீட்சையில் சித்தியடைந்து, 10 நாட்கள் காத்திருக்கவும் வேண்டும்.

"சிறிய கைக்குச் சிறிய துப்பாக்கி" சரியா?

பெண்ணுக்கென்றால் சிறிய, இலேசான ரிவோல்வர் என்பது பழைய ஆலோசனை. ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் 1980களின் இறுதியில் 'லேடிஸ்மித்' என்ற பெயரிலேயே பெண்களுக்கான ரிவோல்வர்களைச் சந்தைப்படுத்தியது. இளஞ்சிவப்பு நிறத் துப்பாக்கிகளும் சந்தைக்கு வந்தன.

பயிற்சியாளர்கள் பலர் இந்த ஆலோசனையை ஏற்பதில்லை. காரணம் எளிய பௌதிகவியல். ஒரே ரவையைச் சுடும்போது துப்பாக்கி எவ்வளவு இலேசோ, கையில் பின்னுதைப்பு அவ்வளவு கூடுதலாக இருக்கும். அந்நிறுவனத்தின் 642 ரக ரிவோல்வர் சுமார் 400 கிராம் நிறையுடையது. ஐந்து ரவைகள் கொள்ளும். ஒவ்வொரு முறையும் விசையை இழுக்க ஐந்து கிலோவுக்குக் குறையாத விசைப்பலம் வேண்டும். பழக்கமில்லாதவர் அதை இழுக்கும்போதே குறி விலகிவிடும். சட்டைப்பையில் மறைத்துச் செல்ல அது வசதியானது. ஆனால் வீட்டில் வைத்திருக்கும் துப்பாக்கியை மறைத்துச் செல்லத் தேவையில்லையே.

அதனால் வீட்டுக்கு நடுத்தர அளவிலான 9 மில்லிமீற்றர் பிஸ்டலே இன்று பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. குளொக் 19 அதற்கு உதாரணம். அதன் நிறை சற்றுக் கூட, விசை இலகு, 15 ரவைகள் கொள்ளும். ஆனால் பிஸ்டலின் மேற்பகுதியைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் ரவை குழலுக்குள் ஏறும். மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் கைப்பலம் குறைந்தவர்களுக்கும் இது கடினம். இதைக் கருதியே இலகுவாக இழுக்கக்கூடிய 'ஷீல்ட் ஈஸி' ரகம் 2018இல் அறிமுகமானது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று சுவர். அமெரிக்க வீடுகள் பலவற்றின் உட்சுவர்கள் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகைகள்தான். குறி தவறிய ரவை அவற்றைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். அங்கே பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கலாம்.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. கணவனின் கைக்குப் பொருந்துவது மனைவியின் கைக்குப் பொருந்தும் என்றில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்வது, அவர் பயிற்சிக் களத்துக்குச் சென்று, வாடகைக்குப் பல ரகங்களைச் சுட்டுப் பார்த்துத் தானே தெரிவுசெய்யட்டும் என்பதே. அதற்கும் முன்னால், அவர் துப்பாக்கியை விரும்புகிறாரா என்று கேட்க வேண்டும். பயிற்சியெடுக்க விருப்பமில்லாத ஒருவருக்குப் பரிசாகக் கிடைத்த துப்பாக்கி, வீட்டில் யாரும் கட்டுப்படுத்தாத ஓர் ஆயுதமாகவே இருக்கும்.

ஆபத்து எந்த வாசலால் வருகிறது?

கடைக்காரர்கள் அதிகம் பேசாத பகுதி இது. "மனைவிக்கு எது பொருத்தம்" என்ற கேள்வி, ஆபத்து வெளியிலிருந்து வரும் என்ற எண்ணத்தில் எழுகிறது. ஆய்வுகள் வேறு திசையைக் காட்டுகின்றன.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தம்மிடம் கைத்துப்பாக்கி இல்லாத கலிபோர்னியாவாசிகள் சுமார் 1 கோடியே 76 இலட்சம் பேரின் தரவுகளை ஆராய்ந்து 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். கைத்துப்பாக்கி வைத்திருப்பவருடன் ஒரே வீட்டில் வாழ்வோர் கொலையுண்ட வீதம், துப்பாக்கியில்லாத வீடுகளில் வாழ்வோரைவிட இரு மடங்குக்கும் அதிகம். வாழ்க்கைத் துணையால் சுட்டுக் கொல்லப்பட்ட வீதம் சுமார் ஏழு மடங்கு. அவ்வாறு கொல்லப்பட்டவர்களில் 84 வீதமானோர் பெண்கள்.

இதே குழுவினரின் 2020ஆம் ஆண்டு ஆய்வு தற்கொலையைப் பற்றியது. சொந்தமாகக் கைத்துப்பாக்கி வைத்திருந்த பெண்கள் துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொண்ட வீதம், வைத்திராத பெண்களைவிட 35 மடங்குக்கும் மேல். அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்களே.

துப்பாக்கி உள்ள வீடுகளும் இல்லாத வீடுகளும் வேறு விதங்களிலும் மாறுபட்டிருக்கலாம் என்பது இத்தகைய ஆய்வுகளுக்கு எதிராக முன்வைக்கப்படும் நியாயமான வாதம். பொலிஸ் வந்து சேர நெடுநேரம் எடுக்கும் கிராமப்புறத்தில் தனித்து வாழும் பெண்ணின் அச்சமும், முன்னாள் துணையால் பின்தொடரப்படும் பெண்ணின் அச்சமும் கற்பனையல்ல. ஆனாலும் எண்களின் திசையை அலட்சியம் செய்ய முடியாது.

சட்டமும் இதை ஓரளவு ஒப்புக்கொண்டுள்ளது. குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருப்பதை 1996ஆம் ஆண்டின் திருத்தம் தடுக்கிறது. வன்முறை தொடர்பான நீதிமன்றப் பாதுகாப்புக் கட்டளைக்கு உட்பட்டவர்களுக்கான தடையை 2024இல் உயர் நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உறுதிசெய்தது.

பூட்டும் திறப்பும்

வாங்கத் தீர்மானித்தவர்களுக்கு அடுத்த கேள்வி, எங்கே வைப்பது? தலையணைக்குக் கீழே என்றால் பிள்ளையின் கைக்கும் எட்டும். 2015ஆம் ஆண்டுக் கருத்துக்கணிப்பொன்றின் மதிப்பீட்டின்படி, ரவை நிரப்பிய, பூட்டப்படாத துப்பாக்கி இருக்கும் வீடுகளில் சுமார் 46 இலட்சம் அமெரிக்கச் சிறுவர்கள் வாழ்ந்தனர். கைத்துப்பாக்கி விற்கும் உரிமம் பெற்ற வியாபாரி அதனுடன் பூட்டொன்றையும் தர வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டுச் சட்டம். அதைப் பயன்படுத்துவது வாங்கியவரின் கையில். இலக்கமிட்டோ விரல் அடையாளத்தாலோ சில நொடிகளில் திறக்கும் சிறிய இரும்புப் பெட்டிகள் விற்பனையில் உள்ளன.

அந்தப் பெட்டியின் இலக்கம் மனைவிக்குத் தெரியுமா என்பது சின்ன விடயமல்ல. அவர் பெயரில் வாங்கி, கணவன் மட்டும் திறக்கும் பெட்டியில் வைத்தால், அந்தத் துப்பாக்கி யாருடைய பாதுகாப்புக்கு? மனம் சோர்ந்திருக்கும் காலத்திலோ, உறவு முறியும் காலத்திலோ அதை வீட்டிலிருந்து அகற்ற இருவரும் முன்கூட்டியே உடன்பட்டிருக்கிறார்களா? கடைக்குப் போகுமுன் இதைப் பேச முடியாத வீட்டுக்கு எந்த ரகத் துப்பாக்கியும் பொருத்தமாகாது.