பில் புத்தகத்தைத் திறந்து கொடுப்போம்

கடந்த மாதம் ஒரு மாலை, கடையை மூட ஆயத்தமாகிக் கொண்டிருந்த வேளையில் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பாத்திரக் கடை நடத்துபவர். நீண்ட காலப் பழக்கம். அவருடைய மகன் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கிறான்.

"ஹாஜியார், கொழும்பில ஏதோ தரவுப் போட்டியாம், ரெண்டு நாள் போகணும் எண்டு மகன் நிக்கிறான். அதுக்குப் பிறகு ஒரு மாநாடாம், அதுக்கும் காசு கட்டணுமாம். பாடத்தப் படிச்சுப் பாஸாகினாப் போதாதா? நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்ன பதிலை இந்தப் பத்தியிலும் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏனெனில், இதே கேள்வி என்னிடம் வந்தபோது நான் பிழையான பதிலைச் சொன்னவன்.

என் மகளும் புள்ளிவிபரவியல்தான் படித்தாள். 2023ஆம் ஆண்டு அவளுடைய வகுப்பில் நால்வர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். விரிவுரையாளர் ஒருவரும் கூடப் போவதாக இருந்தது. "பரீட்சையைப் பாருங்க மகள், ஊர் சுற்றுவது பிறகு" என்று சொல்லி நான் தடுத்துவிட்டேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. மற்ற மூவரும் போனார்கள்.

அடுத்த வருடம் பயிற்சிக்காக ஒரு நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். பெறுபேறுகளைப் பற்றி ஒரு வார்த்தையும் அவர்கள் கேட்கவில்லையாம். "பாடத்திட்டத்துக்கு வெளியே நீங்கள் கையாண்ட தரவு என்ன? அதில் எதைக் கண்டுபிடித்தீர்கள்?" என்பதே கேள்வி. அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பயிற்சியும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு குறையும் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டாள். அந்த மௌனம்தான் என்னைச் சிந்திக்க வைத்தது.

வகுப்பறைத் தரவும் சந்தைத் தரவும்

விடயம் இதுதான். வகுப்பறையில் கொடுக்கப்படும் தரவு கழுவித் துடைத்து மேசையில் வைக்கப்பட்ட தரவு. விடை இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்த கணக்கு. வெளியில் உள்ள தரவு அப்படியல்ல. ஒரே பொருளுக்கு மூன்று பெயர் எழுதப்பட்டிருக்கும், திகதி மாறியிருக்கும், இரண்டு வாரப் பில்களைக் காணாமல் இருக்கும். அதைச் சீர் செய்து, என்ன கேள்வி கேட்பது என்று தானே தீர்மானித்து, கணக்குத் தெரியாத ஒருவருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் போட்டியிலும் மாநாட்டிலும் பயிற்சியிலும்தான் வருகிறது. நீச்சலைப் புத்தகத்தில் படித்தவனைக் கடலில் இறக்கிப் பார்க்காமல் யார்தான் வேலைக்கு எடுப்பார்?

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு போட்டி இருக்கிறது. பெயர் டேட்டாஃபெஸ்ட். 2011ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 30 மாணவர்களுடன் ஆரம்பமானது. அந்த முதல் வருடம் நகரப் பொலிஸார் தமது கைதுப் பதிவேடுகளைக் கொடுத்தார்கள். பின்னர் 2016இல் டிக்கெட்மாஸ்டர், 2017இல் எக்ஸ்பீடியா என்று வர்த்தக நிறுவனங்கள் தமது தரவைக் கொடுத்தன. வெள்ளிக்கிழமை மாலை வரை எந்த நிறுவனத்தின் தரவு என்பது மாணவர்களுக்குத் தெரியாது. ஐந்து பேர் வரை கொண்ட குழுக்கள் ஞாயிற்றுக்கிழமை வரை உழைத்து, சில நிமிடங்களில் நடுவர்களுக்கு முன்னால் தமது முடிவைச் சொல்ல வேண்டும். இன்று பல பல்கலைக்கழகங்களில் அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கத்தின் பெயரில் இது நடக்கிறது. நிறுவனங்களுக்குப் புதிய கண்களால் பார்த்த ஆலோசனை கிடைக்கிறது. மாணவருக்கு நேர்முகப் பரீட்சையில் சொல்ல ஒரு கதை கிடைக்கிறது.

எங்கும் போகாமல் வீட்டிலிருந்தே பங்குபற்றும் போட்டிகளும் உண்டு. கேகிள் என்ற இணையத்தளம் 2010இல் ஆரம்பிக்கப்பட்டு 2017இல் கூகுளுக்குக் கைமாறியது. 2020ஆம் ஆண்டு அதில் நடந்த எம் 5 என்ற போட்டி நம்மைப் போன்ற வியாபாரிகள் அறிய வேண்டியது. வோல்மார்ட் நிறுவனம் தனது 10 கடைகளின், 3049 பொருட்களின் அன்றாட விற்பனைக் கணக்கைக் கொடுத்தது. அடுத்த 28 நாட்களில் எந்தக் கடையில் எந்தப் பொருள் எவ்வளவு விற்கும் என்று சொல்ல வேண்டும். உலகெங்கும் இருந்து ஆயிரக்கணக்கான குழுக்கள் கலந்துகொண்டன. மதிப்பீட்டின் துல்லியத்துக்கான பிரிவில் முதலிடம் பெற்றவர் பெரிய பேராசிரியர் அல்ல. தென்கொரியாவில் இறுதியாண்டில் படித்துக் கொண்டிருந்த ஒரு பட்டப்படிப்பு மாணவர்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தரவோடு கொடுக்கப்பட்ட நாட்காட்டியில் விற்பனையைப் பாதிக்கும் விசேட நாட்கள் குறிக்கப்பட்டிருந்தன. அவற்றில் ரமழான் ஆரம்பமும் இரண்டு பெருநாட்களும் இருந்தன. அமெரிக்கக் கடைக்காரர் நம்முடைய பெருநாளைத் தன் கணக்கில் சேர்த்திருக்கிறார். நாமோ பெருநாளை நம்பியே கடை நடத்திக்கொண்டு, கணக்கை மனதுக்குள் மட்டும் வைத்திருக்கிறோம்.

என் கடையில் நடந்தது

மகளுடைய மௌனத்துக்குப் பிறகு நான் செய்த ஒரே நல்ல காரியம், கடையின் பழைய பில் புத்தகங்களை அவள் முன்னால் வைத்ததுதான். இறுதியாண்டு ஆய்வுக்கு அதையே எடுத்துக்கொண்டாள். என்னுடையது புடவைக் கடை. மூவின மக்களும் வருவார்கள்.

முதலில் அவள் சொன்ன வார்த்தை இன்றும் நினைவிருக்கிறது. "வழமையான வருஷம் எண்டு சொல்ல ஒண்டுமே இல்லயே வாப்பா!" உண்மைதான். 2019இல் ஏப்ரல் தாக்குதலும் அதன் பின்னர் நாம் அனுபவித்தவையும். 2020, 2021இல் கொரோனா. 2022இல் எரிபொருள் வரிசையும் பொருளாதார நெருக்கடியும். ஆகவே 2023ஐயும் 2024ஐயும் முக்கியமாகக் கொண்டாள். அந்த இரண்டு வருடங்களிலும் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஏப்ரல் மாதத்திலேயே, சில நாள் இடைவெளியில் வந்தன. எனது ஏப்ரல் விற்பனை நன்றாக இருந்தது. 2025 ஏப்ரலுக்கும் அதே அளவு சரக்கு எடுக்க நான் எண்ணியிருந்தேன்.

பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால், அந்த ஏப்ரல் விற்பனையில் பெருநாளுக்கு உரியது எவ்வளவு, புத்தாண்டுக்கு உரியது எவ்வளவு என்பது தெரியாது. அவள் மாதக் கணக்கை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு பில்லையும் பெருநாளுக்கு எத்தனை நாள் முன், புத்தாண்டுக்கு எத்தனை நாள் முன் என்று பிரித்தாள். துணி வகையையும் பார்த்தாள். இரண்டு சீசனும் பிரிந்து தெரிந்தன. 2025இல் பெருநாள் மார்ச் இறுதிக்குப் போனபோது, பெருநாள் சரக்கைப் பெப்ரவரிக்குள் இறக்கினோம், ஏப்ரல் கொள்வனவைக் குறைத்தோம். பெருநாள் முடிந்தபின் இறாக்கையில் மிஞ்சிய சரக்கு முன்னைய வருடங்களைவிடக் குறைவாக இருந்தது. முப்பது வருட அனுபவத்துக்குப் பிள்ளையின் கணக்கு பகையல்ல, துணை என்பதை அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

அந்த ஆய்வை அவள் பீடத்தின் ஆய்வரங்கில் சமர்ப்பித்தாள். அடுத்த நேர்முகப் பரீட்சையில் அதைப் பற்றியே அரைமணி நேரம் பேசினார்களாம். வேலை கிடைத்தது.

எங்கெங்கே வாய்ப்பு உண்டு?

நமது நாட்டிலேயே வாசல்கள் இருக்கின்றன. பல பல்கலைக்கழக விஞ்ஞான பீடங்கள் வருடாந்த ஆய்வரங்குகளை நடத்துகின்றன. சம்மாந்துறையில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் அவற்றில் ஒன்று. 1944இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் வருடாந்த அமர்வுகளில் ஆய்வுகளுக்கு இடம் கொடுக்கிறது. பிரயோக புள்ளிவிபரவியல் நிறுவகம் மாநாடுகளையும் செயலமர்வுகளையும், பாடசாலை மாணவருக்கான புள்ளிவிபரவியல் ஒலிம்பியாட் போட்டியையும் நடத்தி வந்திருக்கிறது.

வெளிநாட்டில் மிகப் பெரியது 1885இல் தோன்றிய சர்வதேசப் புள்ளிவிபரவியல் நிறுவகத்தின் உலக மாநாடு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடுகிறது. 2019இல் நமக்குப் பழக்கமான கோலாலம்பூரில் நடந்தது, 2025இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில். லாஹூரைத் தளமாகக் கொண்டு முஸ்லிம் நாடுகளின் புள்ளிவிபரவியலாளர் சங்கம் ஒன்றும் மாநாடுகளை நடத்துகிறது.

மாநாடு என்றதும் பெரிய மேடையை நினைக்க வேண்டியதில்லை. முதலில் ஒரு பக்கத்துக்குள் ஆய்வுச் சுருக்கம் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் மாநாட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்பே முடிவுத் திகதி வந்துவிடும். ஏற்றுக்கொண்டால் வாய்மூலமாகவோ சுவரொட்டி மூலமாகவோ விளக்கலாம். முதன்முறை போகும் மாணவருக்குச் சுவரொட்டியே நல்லது. அருகில் வந்து கேட்பவர்களோடு ஆறுதலாகப் பேசலாம். மாணவர்களுக்குப் பல மாநாடுகளில் கட்டணக் குறைப்பு உண்டு. சிலவற்றில் பிரயாண உதவியும் உண்டு. கேட்காதவனுக்குக் கிடைக்காது.

ஓர் எச்சரிக்கை. சரக்கில் போலி இருப்பதுபோல் மாநாட்டிலும் போலி உண்டு. தெரியாத முகவரியிலிருந்து புகழ்ந்து கடிதம் வரும். அனுப்பிய ஆய்வை ஓரிரு நாளில் ஏற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். உடனே பணம் கேட்பார்கள். பணம் கட்டுவதற்கு முன் துறை விரிவுரையாளரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, தரவு கொடுப்பது. பழைய பில்களையோ கணினிக் கணக்கையோ ஒரு மாணவருக்குக் கொடுங்கள். ஆனால் வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி இலக்கம், கடன் விபரம் ஆகியவற்றை நீக்கிவிட்டே கொடுக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதைவிட முக்கியம், அந்த விபரம் வாடிக்கையாளர் நம்மிடம் வைத்த அமானிதம். கொள்விலையை வெளியிட விருப்பமில்லை என்றால் அதையும் மறைத்துக்கொள்ளலாம். எதை வெளியில் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று ஒரு கடிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்துக்கொண்டால் பின்னர் பிரச்சினை இல்லை.

இரண்டாவது, அனுசரணை. கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்குக் கிண்ணம் கொடுக்கிறோம். நாலு மாணவர்களின் பஸ் செலவும் சாப்பாடும் அதைவிடப் பெரிய தொகையா?

மூன்றாவது, பிள்ளைகளுக்கு அனுமதி. விசேடமாகப் பெண் பிள்ளைகளுக்கு. எங்கே தங்குவது, யார் கூட வருவது என்று தாராளமாக விசாரியுங்கள். அது பெற்றோரின் உரிமை. துறையின் கடிதத்தைக் கேளுங்கள். தேவையென்றால் நீங்களே கூடப் போங்கள். ஆனால், விசாரிக்காமலே மறுப்பது வேறு. நான் செய்தது அதுதான்.

நண்பரிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போகட்டும். ஆனா திரும்பி வந்து என்ட கடைக் கணக்கையும் ஒருக்காப் பார்க்கணும் எண்டு சொல்லிட்டுத்தான் அனுப்புவன்" என்றார்.

அதைவிட நல்ல நிபந்தனையை நானும் யோசித்திருக்க மாட்டேன்.