அல்லியும் ஞானாம்பாளும்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோரின் கண்ணை முதலிற் கவர்வது இராஜகிரி. அடுத்துக் கவர்வது கலியாண மகால். சதுரமாய் எழுந்து, நிலைமேல் நிலையாய் உயர்ந்து, கூர்ங்கோபுரம் போன்ற முடியுடன் விளங்கும் அம்மாளிகையின் நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்ணாத மாணவர் இப்பக்கத்தில் அரியர். மாளிகையின் பெயரோ மங்கலமானது. ஆயினும் இவ்வூரைப் பற்றி வழங்கும் கலியாணக் கதைகளெல்லாம் அழுகையிலே முடிகின்றன. அதனால், மணம், தனிவாழ்வு, தாய்மை ஆகிய மூன்றையும் நகைச்சுவையோடு கூறும் கதைகள் தமிழிற் பிறந்த வரலாற்றை ஆராயப் புகுந்த நாம் செஞ்சியிலிருந்தே தொடங்குகின்றோம்.

தேசிங்குராஜன் கதையை அறியாதார் இலர். சொரூபசிங்கின் மகனாகிய அவன் இளம்பருவத்திலேயே செஞ்சிக்கு உரிமை பெற்று, ஆர்க்காட்டு நவாபு சாததுல்லாகானுக்குத் திறை செலுத்த மறுத்து, 1714 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் போர்க்களத்தில் மடிந்தான். அவன் தோழன் மோவுத்துக்காரன் தன் மணக்கோலத்தைக் களைந்தெறிந்து போருக்கு ஓடிவந்து உயிர் நீத்தான் என்று கதைப்பாட்டு கூறும். தேசிங்கின் இளமனைவி செட்டிகுளக்கரையில் உடன்கட்டை ஏறினாள்; அவ்விடத்தை இன்றும் காட்டுவர். அவள் நினைவாகவே நவாபு இராணிப்பேட்டைக்கு அப்பெயரிட்டான் என்பது வழக்கு. வீரம் அனைத்தும் ஆடவருக்குரியதாக, அப்பெண்ணுக்குரியதாகக் கதை வைத்தது தீ ஒன்றே. கணவனின்றி ஒருத்தி உயிரோடிருந்தால் அவள் என் செய்வாள் என்ற வினாவுக்கு அக்காலத்துக் கதைக்காரனிடம் விடையில்லை. உடன்கட்டை ஏறுதல் சென்னை மாகாணத்திற் சட்டத்தால் தடுக்கப்பட்டது 1830 ஆம் ஆண்டில்தான்.

விடையில்லை என்றோம், அது முழுதும் சரியன்று. புலவர்களின் ஏட்டில் இல்லாதது சில வேளைகளில் தெருவில் கிடைக்கும். செஞ்சிக்கு அணித்தேயுள்ள மேலச்சேரி திரௌபதியம்மன் வழிபாட்டின் ஆதித்தலங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது. இவ்வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ப் ஹில்டபைடல் என்னும் அமெரிக்க அறிஞர், 1988 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பெருநூலின் முதற்பகுதிக்குச் செஞ்சி முதல் குருக்ஷேத்திரம் வரை என்ற பொருள்படத் துணைப்பெயர் சூட்டினார். பகலிற் பாரதப் பிரசங்கமும், இரவிற் கூத்தும், இறுதியில் தீமிதியுமாக இவ்வட்டாரத்து ஊர்கள் பல நாள் விழாக் கொண்டாடுகின்றன. வியாசர் அறியாத பாரதக் கதைகளும் இக்கூத்துகளின் வழியே பரவியுள்ளன. அவற்றுள் தலையாயது அல்லியின் கதை.

புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் அல்லியரசாணி மாலையை நம் பாட்டியர் விளக்கொளியில் எழுத்துக்கூட்டிப் படித்தனர். அல்லி பாண்டியன் வளர்த்த மகள். நாட்டைக் கவர்ந்த நீன்முகனை வென்று மதுரையைத் தானே ஆள்பவள். அவள் அரண்மனையில் ஆண்வாடை கூடாது; காவலும் பெண்களே, அமைச்சும் பெண்களே. கதையின் தொடக்கத்தில் இவ்வாழ்வு குறையுடையதாகக் காட்டப்படவே இல்லை என்பதை வாசகர் நோக்குக. நாடு விளைகிறது, குடிகள் வாழ்கின்றனர், அல்லிக்குக் கணவன் இல்லையென்று ஊரார் ஒருவரும் வருந்தவில்லை. வருந்துபவன் அர்ச்சுனன் ஒருவனே! கண்ணபிரான் துணையோடு அவன் பற்பல வேடம் பூண்டு, கடைசியிற் பாம்புருவாய் அவள் பள்ளியறையிற் புகுந்து, உறங்குகின்றவள் கழுத்திலே தாலியைக் கட்டிவிடுகின்றான். கூத்துக்களரியில் இக்கட்டத்திற் சிரிப்பு வானைப் பிளக்கும். நாமும் சிரித்ததுண்டு. சிரித்து வீடு திரும்பிய பின்னரே, உறங்குகிறவள் கழுத்திற் கட்டியது எவ்வாறு கலியாணமாகும் என்ற ஐயம் எழுந்தது.

அர்ச்சுனனோ தன் ஊர் ஏகிவிடுகின்றான். மகன் புலந்திரன் தாயின் அரண்மனையில் தாயின் கைப்பிடியில் வளர்கின்றான். அரசாட்சி ஒரு கையிலும் பிள்ளை ஒரு கையிலுமாக அல்லி படும் பாடு நகைச்சுவையோடு கலந்து வருகின்றது. பவளக்கொடி மாலையிலே அப்பிள்ளை, விளையாடப் பவளத்தேர் வேண்டுமென்று அடம்பிடிக்கின்றான். பவளம் தேடிப்போன தந்தை பவளக்கொடியைக் கண்டு அவளையும் மணந்துகொள்கின்றான். பிள்ளைக்குப் பொம்மை வாங்கப்போனவன் வேறொரு மனைவியோடு திரும்பினான் என்ற இக்கதைக்கு ஊரார் எத்தனை நூற்றாண்டு சிரித்தனரோ! 1934 இல் தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலக்ஷ்மியும் நடித்துப் படமாக வந்தபோதும் மக்கள் திரள் திரளாய்ச் சென்று கண்டனர்.

மேற்கூறியவற்றிற் பெண்ணின் தனிவாழ்வு நகைப்புக்கு இடமாயிற்றேயன்றி, அவளே நகைக்க இடம் பெற்றாளில்லை. அந்த இடத்தை அவளுக்குத் தந்தவர் மாயூரம் முன்சீபு வேதநாயகம் பிள்ளை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826 இற் பிறந்த அவர், நீதிமன்றத்தில் அமர்ந்து குடும்ப வழக்குகளைக் கேட்டுக் கேட்டு மனிதர் இயல்பை நன்கறிந்தவர். 1859 இல் நீதிநூலும், 1869 இற் பெண்மதிமாலையும் வெளியிட்டார். தமிழில் வசன காவியங்கள் இல்லாத குறையை நீக்கும் பொருட்டு 1879 இல் அவர் அச்சிட்டதே பிரதாப முதலியார் சரித்திரம். தமிழின் முதல் நாவல் அது என்பர். நாம் சொல்ல விரும்புவது, அது சிரிக்கச் சிரிக்கப் பேசும் காதற்கதையும் ஆகும் என்பதே. முதல் நாவல் என்ற பெரும்பெயர் அதற்கு ஒரு தீங்கும் செய்தது. பரீக்ஷைக்குரிய வரலாற்றுக் குறிப்பாக மாறிவிட்டமையால், அதைத் திறந்து படிப்பவர் தொகை சுருங்கிற்று.

செல்வச் செருக்கோடு பிறந்த பிரதாபன் தவறு செய்தால் அடிபடுபவன் உடன் பயிலும் கனகசபை. இவ்வேற்பாட்டின் அநியாயத்தை ஆசிரியர் வைது எழுதவில்லை. நடந்தபடியே கூறிவிட்டு, நாம் சிரித்து வெட்கும்படி விட்டுவிடுகின்றார். மாமன் மகள் ஞானாம்பாள் அவனோடு ஒருங்கு கற்பவள். அவனினும் கூரிய அறிவுடையவள். அதை அவன் அறிந்தும் வருந்தாதவன். காதற்கதைத் தலைவர்களுள் இக்குணம் அரிது. இருவர் தந்தையரும் அற்ப காரியத்தின்மேற் பிணங்கிக்கொள்ள, கைக்கெட்டிய மணம் வாய்க்கெட்டாமற் போவதும், பின்பு கூடுவதும் கதையின் முற்பகுதி.

அதனை விரைந்து கடந்து பிற்பகுதிக்கு வருவோம். சுவை அங்கேதான் திரண்டிருக்கிறது. வேட்டைக்குச் சென்று வழிதவறிய பிரதாபன் விக்கிரமபுரி என்னும் அயல்நாட்டை அடைகின்றான். அங்கே ஒரு சக்கிலியன் அவன் செருப்பைத் தைத்துக் கொடுத்து, கூலியாகச் சந்தோஷம் வேண்டுமென்று வழக்கிடுகின்றான். பணம் எவ்வளவு கொடுத்தாலும் எனக்குச் சந்தோஷம் உண்டாகவில்லை என்று அவன் சாதிக்க, பிரதாபன் சிறையேக நேர்கின்றது. நெடுங்காலம் வழக்கு மன்றங்களோடு பழகிய ஒருவரே இத்தகைய வழக்கைக் கற்பித்திருக்க முடியும். அப்பால், கணவனைத் தேடி ஆண்வேடம் பூண்டு புறப்பட்ட ஞானாம்பாள் அதே நாட்டை அடைய, பட்டத்து யானை அவள் கழுத்தில் மாலையிட, அவள் அரசனாகின்றாள். அரசி அல்லள், அரசன்! சிறைப்பட்ட கணவனை மீட்பவளும் அவளே.

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர்க்கு இங்கே ஷேக்ஸ்பியர் படைத்த போர்ஷியா நினைவுக்கு வருவாள். அவளும் ஆண்வேடம் பூண்டு நீதி உரைத்தவள். ஆனால் போர்ஷியா ஒரு வழக்கை முடித்து வீடு திரும்பினாள். ஞானாம்பாளோ ஒரு நாட்டையே ஆண்டாள். வரி, நீதி, கல்வி, கையூட்டு ஒழித்தல் ஆகிய பலவற்றையும் அவள் வாயிலாக ஆசிரியர் பேசுவிக்கின்றார். சில இடங்களிற் பேச்சு நீண்டு பிரசங்கமாகி விடுகின்றது என்பதை நாம் மறைக்கவில்லை. அவ்விடங்களில் ஏடுகளைப் புரட்டிவிட்டோம் என்பதையும் மறைக்கவில்லை.

தாய்மைக்கு இக்கதையில் உரியவள் பிரதாபன் அன்னை சுந்தரத்தண்ணி. மகனைச் செல்லத்தாற் கெடவிடாமற் காத்தவள். ஊரார் வழக்குகளைத் தீர்த்தவள். கணவனும் அவள் சொல்லை மதித்து நடக்கின்றான். தாய் என்றால் அடுப்படியில் இருந்து கண்ணீர் விடுபவள் என்ற சித்திரம் பின்வந்த எத்தனையோ கதைகளிலும் படங்களிலும் நிலைத்துவிட்டது. முதல் நாவலில் அவள் அப்படி இல்லை. பின்வந்தோர் முன்னேறினர் என்று எண்ணுகின்ற நாம் இவ்விடத்தே சிறிது தயங்க வேண்டியிருக்கிறது.

எனினும் வேதநாயகரிடத்தும் நமக்கு ஒரு குறை உண்டு. ஞானாம்பாள் தனித்து நடமாடவும், ஆளவும், தீர்ப்புக் கூறவும் ஆண்வேடம் இன்றியமையாததாயிற்று. பெண்ணுடையில் ஒருத்தி தனியே வழி நடந்தாள் என்று எழுதினால் 1879 ஆம் ஆண்டு வாசகர் நம்பியிருக்க மாட்டார் போலும். 1887 இல் அவர் எழுதிய சுகுணசுந்தரியிற் குழந்தை மணத்தை வெளிப்படையாகவே கண்டித்தார். பெண்ணுக்குப் பதினான்கு வயதேனும் நிரம்ப வேண்டும் என்ற சாரதா சட்டம் 1929 இல் வந்தது. அவ்வயது பதினெட்டாக உயர 1978 வரை காத்திருக்க நேர்ந்தது. மணத்துக்கு முன் ஒரு பெண்ணுக்குத் தனக்கென்று சில ஆண்டுகள் இருந்தாலன்றோ அவ்வாண்டுகளைப் பற்றி நகைச்சுவை நாவல் எழுத இயலும்? பத்து வயதில் மணமானவளுக்குக் காதலும் இல்லை, அதன் தடுமாற்றமும் இல்லை, அதைக் கண்டு சிரிக்கும் தோழியும் இல்லை.

ஆண்வேடமின்றியே ஒருத்தி ஆண்டாள் என்பதற்குச் சான்று கற்பனையிலன்று, செஞ்சியின் வரலாற்றிலேயே உண்டு. மராத்தியர் தலைவன் இராஜாராமன் 1689 இறுதியில் இக்கோட்டையிற் புகுந்து, 1698 இல் இது மொகலாயர் வசமாகும் வரை இதையே தன் தலைநகராகக் கொண்டிருந்தான். அவன் 1700 இல் இறந்தபோது அவன் மனைவி தாராபாய்க்கு வயது இருபத்தைந்து அளவே. அவள் தீப்பாயவில்லை. குழந்தையாகிய தன் மகனை அரியணையிலேற்றி, ஔரங்கசீபு 1707 இல் இறக்கும் வரையில் அவன் படைகளை எதிர்த்துப் போரை நடத்தினாள். கைம்பெண்; பச்சிளம் பாலகனின் தாய்; படைத்தலைவி. தேசிங்கின் மனைவி செட்டிகுளக்கரையில் மாண்டது இதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னர். இரண்டும் ஒரே கோட்டையோடு தொடர்புடையவை. ஒன்றைப் பாட்டாக்கி ஊர் ஊராய்ப் பாடினோம். மற்றொன்றைச் செஞ்சியில் வழிகாட்டுவோரும் கூறக் கேட்டோமில்லை.

சித்திரை மாதத்து இரவொன்றில் இப்பக்கத்து ஊர் ஒன்றிற் பவளக்கொடிக் கூத்தைக் கண்டிருந்தோம். கட்டியக்காரன் கோமாளித்தனத்தில் நேரம் போனதே தெரியவில்லை. அர்ச்சுனன் பவளத்தீவு சென்று, பவளக்கொடியைக் கண்டு மயங்கி, மணமும் முடிந்து, கிழக்கு வெளுத்தது, மங்களம் பாடினார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி, அருகில் அரிதாரம் கலைக்கத் தொடங்கிய அர்ச்சுன வேடக்காரனைப் பார்த்து, “ஏண்டாப்பா, அந்தப் பிள்ளை தேர் கேட்டுச்சே, அது வந்துச்சா இல்லையா?” என்று கேட்டாள். அவன் சற்று விழித்து, பின்பு சிரித்து, நாளைக்கு வந்துவிடும் ஆயா என்றான்.