பழைய பெட்டியைத் திறந்தேன், ஈஸ்டர் மேஜை தயார்!

"ஈஸ்டருக்கு மேஜை அலங்காரமா? அதெல்லாம் பட்டணத்துக்காரங்க சமாசாரம்மா!" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். தென்பெண்ணைக் கரையில், மணலூர்பேட்டையில், ஓட்டு வீட்டில் குடித்தனம் நடத்துகிற எனக்கு டைனிங் டேபிளாவது, அலங்காரமாவது! தை மாதம் ஐந்தாம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஆற்றுத் திருவிழாதான் எங்கள் ஊர் முழுக்கத் திரளும் நாள். எங்கள் தெருவில் ஈஸ்டர் கொண்டாடுகிற வீடு எங்களுடையது ஒன்றே ஒன்று.

ஆனால் 2025 ஏப்ரல் 20-ந் தேதி ஈஸ்டரன்று, ஒரு பழைய மர பெஞ்சையும் தையல் மெஷின் மேஜையையும் சேர்த்துப் போட்டு நான் ஓர் அலங்காரம் செய்தேன். கடையில் வாங்கிய பொருள் என்று பார்த்தால் மெழுகுவர்த்தியும் பூவும்தான். மற்றதெல்லாம் வீட்டில் கிடந்த பழைய சாமான். எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பெட்டிக்குள் இருந்தது

என் அம்மா மிஷன் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவர். எங்கள் பக்கத்துக்கு டேனிஷ் மிஷனரிகள் வந்து நூற்று அறுபது வருஷம் ஆகிறது. திருக்கோவிலூரில் ஆஸ்பத்திரிக்கும் திருவண்ணாமலையில் பள்ளிக்கூடத்துக்கும் இன்றும் 'டேனிஷ் மிஷன்' என்றே பெயர். ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் அந்த வழியில் வந்ததுதான். அந்த விடுதியில் அம்மா கற்றுக்கொண்டது குறுக்குத் தையலும் குரோஷாவும். கல்யாணத்துக்கு முன் ஒரு மேஜை விரிப்பு தைத்தார். வெள்ளைப் பருத்தித் துணி, நான்கு மூலையிலும் சிவப்பு நூலில் கோழியும் குஞ்சுகளும், ஓரம் முழுக்கக் குரோஷா லேஸ். வருஷத்தில் இரண்டே நாள், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும், அது டிரங்குப் பெட்டியை விட்டு வெளியே வரும்.

2022-ல் அம்மா போய்விட்டார். பாத்திரம் பண்டங்களைப் பங்கு பிரித்தபோது, நீல விளிம்பு வைத்த ஆறு பீங்கான் தட்டுகள் அண்ணனுக்குப் போயின. பித்தளை மெழுகுவர்த்தித் தண்டு இரண்டும் தங்கச்சிக்கு. பெட்டியும் விரிப்பும் எனக்கு. "தட்டு எனக்குத்தான் வேணும்" என்று நான் பிடித்த அடம் இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. வார்த்தை தடித்தது. அதற்கப்புறம் வந்த இரண்டு ஈஸ்டருக்கும் அண்ணன் எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் பெண்ணையாறு கரைபுரண்டதே, அப்போது எங்கள் வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை மறந்தே போனோம். இரண்டு நாள் கழித்துத் திறந்தால், அம்மாவின் விரிப்பு சேறும் துருக் கறையுமாக ஒரு மூட்டையாகக் கிடந்தது. உட்கார்ந்து அழுதேன். அப்புறம் எழுந்து துவைத்தேன்.

கறை போக்கும் கதை

பழைய துணியில் சேறு பட்டால் உடனே தண்ணீரில் போட்டுக் கசக்காதீர்கள், சகோதரிகளே! சேறு நூலுக்குள் இன்னும் இறங்கிவிடும். நிழலில் நன்றாகக் காயவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் உதிர்த்துவிட வேண்டும். பிறகு பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். வெந்நீர் கூடாது.

வண்ண நூல் வேலைப்பாடு இருந்தால், ஈரமான வெள்ளைத் துணியை நூல் மேல் ஒரு நிமிஷம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் சோப்பில் ஊறவைக்காமல் அலசி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். துருக் கறைக்கு எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, காய்ந்ததும் அலச வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்தால் கறை மங்கும். முறுக்கிப் பிழியாமல், ஒரு துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, தட்டையாக விரித்துக் காயப்போடுங்கள்.

இவ்வளவு செய்தும் விரிப்பின் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புத் திட்டு நின்றுவிட்டது. "அதுக்கு மேல ஒரு தட்டு வெச்சிட்டா தெரியாதும்மா" என்றாள் என் மகள், பத்து வயது. தட்டு! அந்த வார்த்தையில்தான் எனக்குப் புத்தி வந்தது. விரிப்பு என்னிடம், தண்டு தங்கச்சியிடம், தட்டு அண்ணனிடம். மூன்று வீட்டுச் சாமானும் ஒன்று சேர்ந்தால்தானே அது அம்மாவின் மேஜை?

தங்கச்சிக்குப் போன் பண்ணினேன். "வர்றேன்க்கா" என்றாள். அண்ணனுக்குப் போன் பண்ண மூன்று நாள் ஆயிற்று. "அண்ணா, ஈஸ்டருக்கு அம்மாவோட தட்டை எடுத்துக்கிட்டு அண்ணியோட வா. சாப்பாடு என்னோட பொறுப்பு" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "சரி, பாக்குறேன்" என்று வைத்துவிட்டார்.

குருத்தோலை ஞாயிறன்றே தொடங்குங்கள்

ஈஸ்டர் ஒவ்வொரு வருஷமும் தேதி மாறும். மார்ச் 21-ந் தேதியோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்று கணக்கு. ஆகவே மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25-க்குள் என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம். அதற்கு முந்தின ஞாயிறுதான் குருத்தோலை ஞாயிறு. அலங்காரத்தில் இரண்டு வேலையை அன்றைக்கே ஆரம்பித்துவிட வேண்டும்.

ஒன்று, பச்சைத் தட்டு. மேல்நாட்டில் ஈஸ்டர் முட்டைகளைப் பசும்புல் மேல் அடுக்குவார்கள். நமக்குத்தான் முளைப்பாரி தெரியுமே! ஒரு கைப்பிடி கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, தட்டையான மண்சட்டியில் மண்ணும் மக்கிய எருவும் பரப்பித் தூவுங்கள். தினம் தண்ணீர் தெளித்து வெளிச்சம் படும் இடத்தில் வைத்தால், ஒரு வாரத்தில் நாலு விரல் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நிற்கும். இருட்டில் வைத்தால் மஞ்சளாக வரும்.

இரண்டு, ஓலை. தேவாலயத்தில் கொடுக்கும் குருத்தோலையைச் சிலுவை செய்து சுவரில் செருகுவதோடு விட்டுவிடுகிறோம். மீதி ஓலையை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். வாடுவதற்குள் கிளி, மீன், சின்னப் பெட்டி என்று பின்னிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் பின்னினது மகளும் பக்கத்து வீட்டுப் பாட்டியும். கோயில் தோரணம் கட்டிப் பழகின கை அவருடையது. "முட்டை வெக்கிறதுக்கா? இந்தா, கூடை மாதிரியே பண்ணித் தர்றேன்" என்று ஆறு பெட்டி பின்னிக் கொடுத்தார்.

முட்டைக்கு நிறம் நம் அடுப்படியிலேயே

ஈஸ்டர் முட்டை ரொம்பப் பழைய வழக்கம். லெந்து காலத்தின் நாற்பது நாளும் அந்தக் காலத்தில் முட்டை சாப்பிட மாட்டார்கள். சேர்ந்த முட்டைகளெல்லாம் பண்டிகையன்று பரிசாகிவிடும். இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் 1290-ல் 450 முட்டைகளுக்குப் பொன் தகடும் சாயமும் பூசி அரண்மனையில் பங்கிட்டாராம். ரஷ்யச் சக்கரவர்த்தி மூன்றாம் அலெக்சாந்தர் 1885-ல் ஃபாபர்ழே என்ற நகைக் கலைஞரைக் கொண்டு முதல் ஈஸ்டர் முட்டையைச் செய்வித்துத் தம் ராணிக்குக் கொடுத்தார். அந்த ராணி யார் தெரியுமா? டென்மார்க் இளவரசி டாக்மர்! எங்கள் ஊர்ப்பக்கம் வந்த மிஷனரிகளின் தேசம்.

ராணிக்குத் தங்கம், நமக்கு வெங்காயத் தோல். செய்முறை இதோ:

சிவப்புப் பழுப்பு: பத்துப் பன்னிரண்டு பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோல், மூன்று டம்ளர் தண்ணீர், ஒரு மேஜைக்கரண்டி வினிகர். இருபது நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஆறியதும் முட்டைகளைப் போட்டுப் பத்து நிமிஷம் வேகவையுங்கள்.

மஞ்சள்: இரண்டு மேஜைக்கரண்டி மஞ்சள் தூள், அதே அளவு தண்ணீர், வினிகர்.

இளஞ்சிவப்பு: ஒரு பீட்ரூட்டைத் துருவிக் கொதிக்கவைத்த சாறும் வினிகரும்.

நீலம்: வேலியில் பூத்த சங்குப்பூ இரண்டு கைப்பிடியை வெந்நீரில் ஊறப்போட்ட சாறு. இதில் வெந்த முட்டையை ஊறவைத்தால் போதும். வினிகர் ஊற்றாதீர்கள், ஊதாவாகிவிடும்.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? சாயத்தில் போடும் முன் முட்டை மேல் ஒரு கொத்தமல்லி இலையை ஒட்டி, பழைய மல் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். வெந்தபின் பிரித்தால் இலை வடிவம் வெளிறலாகப் பதிந்திருக்கும். காய்ந்ததும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளப்பு.

இளம் தாய்மார்கள் கவனிக்க: வேகவைத்த முட்டையை ஃப்ரிஜ்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த முட்டையைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். அலங்காரத்துக்கு வைத்தது வேறு, சாப்பிடுவதற்கு வைத்தது வேறு என்று பிரித்துவிடுவதே நல்லது. பல வருஷம் வைத்துக்கொள்ள விரும்பினால், முட்டையின் இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு உள்ளே இருப்பதை வெளியேற்றிவிட்டு ஓட்டுக்குச் சாயமிடலாம். பச்சை முட்டையில் வாய் வைத்து ஊதாதீர்கள். ஊசி இல்லாத புது சிரிஞ்சால் காற்றை அடித்தால் வந்துவிடும்.

தட்டும் தண்டும்

பித்தளைத் தண்டுக்குப் புளியும் சாம்பலும் போதும், தங்கம் போல மின்னும். உயரமான மெழுகுவர்த்தி குழந்தை கை பட்டால் சாயும். அதனால் ஒரு தாம்பாளத்தில் ஆற்று மணலைப் பரப்பி, அதில் தண்டுகளை அழுத்தி வைத்தேன். மணலூர்பேட்டைக்காரிக்கு மணலுக்கா பஞ்சம்! காற்றில் ஆடும் ஓலையும் லேஸும் சுடருக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

பழைய பீங்கானில் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து வண்ணப் பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். வண்ணம் தேய்ந்த தட்டில் புளிப்பான குழம்பு, எலுமிச்சைச் சாதம் பரிமாறாதீர்கள். அழகுக்கு அந்தத் தட்டை அடியில் வைத்து, அதன் மேல் இலை நறுக்கோ எவர்சில்வர் தட்டோ வையுங்கள். விளிம்பு உடைந்த எனாமல் தட்டும் சாப்பாட்டுக்கு வேண்டாம்.

பூவுக்குச் சம்பங்கி. வெளிநாட்டில் ஈஸ்டருக்கு வெள்ளை லில்லி வைப்பார்கள். நம் சம்பங்கி அழகிலும் வாசனையிலும் அதற்கு இளைத்ததல்ல. கூடவே ஒரு கொத்துச் சரக்கொன்றை வைத்தால் மேஜைக்கே மஞ்சள் விளக்குப் போட்ட மாதிரி. அரளியை மட்டும் சாப்பாட்டு மேஜையில் வைக்காதீர்கள். இலை, பூ எல்லாமே விஷம்.

அன்றைக்கு நடந்தது

விடியற்காலை ஆராதனை முடிந்து, அம்மாவின் கல்லறையில் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்து விரிப்பை விரித்து, நடுவில் பச்சைத் தட்டு, அதில் முட்டைகள், இரு பக்கமும் தங்கச்சி கொண்டுவந்த தண்டு. ஆப்பம், தேங்காய்ப்பால், கோழிக் குழம்பு தயார். மணி ஒன்பதாயிற்று. "வருவாரா?" என்றார் இவர். நான் பதில் சொல்லவில்லை.

ஒன்பதரைக்கு அண்ணன் வந்தார். கையில் துணி சுற்றிய ஒரு மூட்டை. அண்ணிதான் வாங்கிப் பிரித்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணி வைத்தேன். ஐந்து.

"ஒண்ணு உடைஞ்சு போச்சும்மா" என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல். "கொண்டுபோன மாசமே கைதவறிடுச்சு. நீ அவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்ட தட்டு. எப்படி வந்து சொல்றதுன்னு..."

இரண்டு வருஷமாக இதற்காகவா வராமல் இருந்தார்! நானோ, தட்டுக்காகச் சண்டை போட்டவள் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தொண்டை அடைத்தது. "விரிப்பையும்தான் நான் காப்பாத்தலை, பாரு" என்று அந்தப் பழுப்புத் திட்டைக் காட்டினேன். அண்ணன் அதைத் தடவிப் பார்த்தார். "அம்மா பார்த்திருந்தா ரெண்டு பேருக்கும் விழுந்திருக்கும்" என்றார். அண்ணிதான் முதலில் சிரித்தார்.

ஆறு பேருக்கு ஐந்து தட்டு. என் மகள் ஓடிப்போய்க் கொல்லையில் ஒரு வாழையிலை நறுக்கி வந்து கறை இருந்த மூலையில் போட்டாள். அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். நீல விளிம்பு தட்டுகளுக்கு நடுவே அந்தப் பச்சை இலை, சொன்னால் நம்ப மாட்டீர்கள், வேண்டுமென்றே செய்த அலங்காரம் மாதிரி அத்தனை பொருத்தமாக இருந்தது!

போகும்போது அண்ணன் தட்டுகளை எடுத்துப் போகவில்லை. நான் பின்னாலேயே ஓடி ஒரு தட்டை அண்ணி கையில் திணித்தேன். அடுத்த வருஷம் அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வந்துதானே ஆகவேண்டும்?

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஏதாவது ஒரு விரிப்பு, ஒரு செம்பு, ஜோடி இழந்த ஒரு கிண்ணம் தூங்கிக்கொண்டிருக்கும். ஈஸ்டரோ, பொங்கலோ, பிள்ளையின் பிறந்தநாளோ, அதை வெளியே எடுங்கள். மீதிச் சாமான் யார் வீட்டில் இருக்கிறதோ, அவர்களுக்கும் ஒரு போன் பண்ணிவிடுங்கள்.