பாதி வழியில் நின்ற கணினி

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே வன்தட்டில் குடிவைத்து, அலுவல் காரியங்களுக்கு ஒன்றையும் தம் சொந்த விருப்பத்துக்கு மற்றொன்றையும் பயன்படுத்திவரும் ஒருவர், ஏதோ ஒரு நாள் பொத்தானை அழுத்தியபோது, இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் வழக்கமான பட்டியல் தோன்றாமல், கறுத்த திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற இரண்டு சொற்கள் மட்டும் தோன்றி அப்படியே நின்றுவிடுமானால், அவர் முதலில் பதறுவது உள்ளே இருக்கும் கணக்குகளுக்கும் கடிதங்களுக்கும் குழந்தைகளின் படங்களுக்கும்தான். பழுதுபார்க்கும் கடைகளில், 'ஃபார்மட் போட்டு விண்டோஸை மறுபடி ஏற்றிவிடலாம்' என்று கால் நிமிஷத்தில் தீர்ப்பு வழங்கிவிடுவதும் உண்டு. பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அந்தத் தீர்ப்பு அநியாயமானது என்பதே என் அபிப்பிராயம். வீட்டுக்காரர் உள்ளே சௌக்கியமாக இருக்கும்போது, வாசலில் பெயர்ப்பலகை கழன்று விழுந்த ஒரே காரணத்துக்காக வீட்டை இடிக்கச் சொல்வது போன்றது அது. இரண்டு இயங்குதளங்களும் தத்தம் இடத்தில் பத்திரமாக இருக்கும். அவை இருக்கும் இடத்தைச் சொல்லும் சிறு குறிப்பு ஒன்றே தவறியிருக்கும்.

இப்படி இரண்டைச் சேர்த்து வைத்துக்கொள்வது ஏதோ சில விநோதப் பிரியர்களின் வழக்கம் என்று எண்ண வேண்டாம். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளிலேயே, விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் பதியப்பட்டிருந்தது.

கோளாறு எங்கே நேருகிறது என்று அறிய, கணினி விழிக்கும் விதத்தை முதலில் பார்க்க வேண்டும். மின்சாரம் பாய்ந்த கணத்தில் ஒரு கணினிக்குத் தன்னிடம் வன்தட்டு இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. 1981-இல் ஐபிஎம் வெளியிட்ட தனிநபர் கணினியின் செயலி, விழித்தவுடன் 1 மெகாபைட் எல்லைக்கு 16 பைட் கீழே உள்ள ஒரு முகவரியை நாடும்படி அமைக்கப்பட்டிருந்தது. அவ்விடத்தில், மின்சாரம் போனாலும் அழியாத சிப் ஒன்றில், பயாஸ் என்னும் நிரல் அதற்காகக் காத்திருக்கும். அது உறுப்புகளை ஒருமுறை பரிசோதித்துவிட்டு, தட்டின் முதல் 512 பைட்டை மட்டும் படித்து நினைவகத்தில் வைத்து, அதனிடம் அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ளும். வன்தட்டோடு விற்பனைக்கு வந்த ஐபிஎம்மின் எக்ஸ்டி கணினிக்காக 1983-இல் டாஸ் 2.0 வகுத்த கிரமப்படி, அந்த 512-இல் 446 பைட் நிரலுக்கும், 64 பைட் நான்கு பிரிவுகளின் எல்லைகளைக் குறிக்கும் அட்டவணைக்கும், கடைசி 2 பைட் 'இது செல்லத்தக்க ஏடு' என்று காட்டும் முத்திரைக்கும் உரியவை. இரண்டு தளங்கள் ஒரே தட்டில் வாழும்போது நேரும் சச்சரவுகளில் பாதி இந்த 446 பைட்டிலிருந்து பிறந்தவை. அங்கே ஒருவருக்கே இடம். கடைசியாக எழுதியவர் எவரோ அவருக்கே வாசல். விண்டோஸின் நிறுவு நிரல் அங்கே ஏற்கெனவே யார் இருக்கிறார் என்று விசாரிக்கும் வழக்கம் உடையது அன்று; லினக்ஸின் நிறுவு நிரல்களோ பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரையும் தம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். 'முதலில் விண்டோஸைப் போடு, பிறகு லினக்ஸைப் போடு' என்று அனுபவஸ்தர்கள் சொல்லிவந்த விதிக்கு இதுவே காரணம்.

லினக்ஸை எழுப்புவதற்காக 1992-இல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ என்ற துவக்கி நிரலை இன்று அநேகமாக எவரும் பயன்படுத்துவதில்லை. ஆயினும் அதில் இருந்த ஒரு சிறு யுக்தி, நோயறியும் சாஸ்திரத்துக்கே ஒரு பாடமாக வைக்கத் தக்கது. தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் அது ஒருங்கே திரையில் எழுதுவதில்லை. ஒவ்வொரு காரியம் நிறைவேறும்போதும் ஒவ்வோர் எழுத்தாக எழுதும். முதல் எழுத்தோடு நின்றால், முதற்கட்டம் ஓடத் தொடங்கியது, இரண்டாம் கட்டத்தைத் தட்டிலிருந்து எடுக்க இயலவில்லை என்று பொருள். இரண்டு எழுத்துகளோடு நின்றால், இரண்டாம் கட்டம் கைக்கு வந்தது, ஆனால் அதை இயக்க முடியவில்லை. மூன்றோடு நின்றால், இரண்டாம் கட்டம் இயங்கியது, ஆனால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் இருக்கும் இடங்களைக் குறித்த வரைபடக் கோப்பை அதனால் படிக்க முடியவில்லை. நான்கும் வந்துவிட்டால் துவக்கியின் பொறுப்பு தீர்ந்தது. இனி எது தவறினாலும் அது கெர்னலின் தவறு. பக்கம் பக்கமாக எச்சரிக்கை எழுதும் இக்காலத்து நிரல்கள் பலவற்றைக் காட்டிலும் இந்த அரைகுறைப் பெயர் அதிகமாகச் சொல்லிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

லிலோவுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. கோப்பு முறைமை என்ற ஒன்றையே அது அறியாது. கெர்னல் தட்டின் எந்தெந்தத் துண்டுகளில் இருக்கிறது என்ற எண்களை மட்டும் குறித்துவைத்திருக்கும். கெர்னலைப் புதுப்பித்துவிட்டு லிலோ கட்டளையை மறுபடி ஓட்ட மறந்தவர்கள், அடுத்த முறை கணினியைத் துவக்கும்போது அந்தப் பழைய எண்களோடு மாட்டிக்கொண்டார்கள். 1995-இல் எரிக் போலின் தொடங்கி, 1999 முதல் குனூ திட்டத்தின் அரவணைப்பில் வளர்ந்த கிரப், கோப்பு முறைமைகளைத் தானே படிக்கக் கற்றுக்கொண்டதால் அந்தச் சங்கடம் ஒழிந்தது. ஆனால் அவ்வளவு கல்வி 446 பைட்டுக்குள் அடங்குமா? பழைய முறைத் தட்டுகளில் முதல் ஏட்டுக்கும் முதற்பிரிவுக்கும் இடையே யாரும் உரிமை கொண்டாடாமல் கிடந்த வெற்றிடத்தில் கிரப் தன் நடுப்பகுதியை வைத்துக்கொண்டது. அந்தப் புறம்போக்கில் விண்டோஸின் சில வணிக மென்பொருள்களும் தங்கள் உரிம ரகசியங்களை எழுதி வந்தன. இவற்றின் எழுத்தால் கிரப் சிதைந்துபோவதைக் கண்ட அதன் ஆசிரியர்களுக்கு, சில பைட் அழிந்தாலும் மீட்டுக்கொள்ளும்படி ரீட்-சாலமன் என்னும் பிழை திருத்தக் கணிதத்தைத் துவக்கிக்குள்ளேயே வைக்க நேர்ந்தது.

இப்போது அந்த 'கிரப் ரெஸ்க்யூ' என்ற சொற்களுக்கு வருவோம். கிரப்பின் நடுப்பகுதி உயிரோடுதான் இருக்கிறது. பட்டியலும் மற்றக் கருவிகளும் வைத்திருந்த அடைவைத்தான் காணோம் என்பதே அதன் அர்த்தம். 'லினக்ஸ் இனி வேண்டாம்' என்று விண்டோஸுக்குள் இருந்தபடியே அந்தப் பிரிவை நீக்கியவர்களும், பிரிவுகளின் அளவை மாற்றப் போய் அவற்றின் வரிசை எண் மாறிவிட்டவர்களும் வழக்கமாக வந்து சேரும் இடம் இது. பட்டியல் வந்து, லினக்ஸும் எழும்பி, விண்டோஸின் பெயரை மட்டும் காணவில்லை என்றால் அது முற்றிலும் வேறு விஷயம்: 2021-இல் வெளிவந்த கிரப் 2.06 முதல், மற்றத் தளங்களைத் தேடும் 'ஓஎஸ்-புரோபர்' என்ற உதவியாள் பாதுகாப்பு கருதி இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டான். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றிப் பட்டியலை மறுபடி எழுதச் செய்தால் விண்டோஸ் திரும்பிவிடும்.

பயாஸின் ஸ்தானத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ, கொள்கையளவில், இந்தச் சண்டைகளையெல்லாம் தீர்த்துவைத்திருக்க வேண்டும். இன்டெல் தன் இட்டேனியம் கணினிகளுக்காக வகுத்த இந்த ஏற்பாடு, 2005 முதல் பல நிறுவனங்கள் கூடிய மன்றம் ஒன்றின் பொறுப்பில் இருக்கிறது. இதில், துவக்கிகளுக்கென்றே ஃபேட் முறைமையில் ஒரு தனிப் பிரிவு உண்டு. அதனுள் மைக்ரோசாஃப்டுக்கு ஓர் அடைவு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவுக்கு ஓர் அடைவு என்று அவரவர் அறை அவரவருக்கு. யாரை முதலில் எழுப்புவது என்ற வரிசை மட்டும் தாய்ப்பலகையில் உள்ள அழியா நினைவகத்தில் இருக்கும். ஆகவே இக்காலக் கணினியில் லினக்ஸ் 'மறைந்துவிட்டது' என்றால், பெரும்பாலும் அந்த வரிசை மாறியிருக்கிறது, அல்லது அதிலிருந்து ஒரு பெயர் உதிர்ந்திருக்கிறது. கணினி எழும்போதே எஃப்12-ஐயோ, எஃப்9-ஐயோ, அந்தந்தத் தயாரிப்பாளர் வைத்த வேறு விசையையோ தட்டித் துவக்கப் பட்டியலை வரவழைத்துப் பார்ப்பதே முதற்பரிசோதனை. அங்கே உபுண்டுவின் பெயர் இருந்து, அதைத் தேர்ந்தால் லினக்ஸ் எழுமானால், பிறகு லினக்ஸுக்குள்ளிருந்தே 'இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' என்ற கட்டளையால் வரிசையை நேராக்கிவிடலாம். விசித்திரம் என்னவென்றால், சில தயாரிப்பாளர்கள் தாய்ப்பலகையில் பதித்துவைக்கும் நிரலான ஃபர்ம்வேர், வரிசையில் என்ன எழுதினாலும் மதியாமல் விண்டோஸின் துவக்கியையே தேடிப் போகும் அளவுக்கு ராஜவிசுவாசம் உடையது.

இதற்கு மேல் முத்திரை விவகாரம். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, அதன் சின்னத்தைத் தாங்கும் கணினிகளில் செக்யூர் பூட் இயங்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனை விதித்தது. ஃபர்ம்வேருக்குத் தெரிந்த சாவியால் கையொப்பமிடப்படாத எந்தத் துவக்கியும் அதன்படி ஓடாது; அந்தச் சாவி அநேகமாக மைக்ரோசாஃப்டுடையது. லினக்ஸ்காரர்கள் கண்ட உபாயம் ஷிம்: மேத்யூ காரெட் முன்னின்று எழுதிய இந்தச் சிறு நிரலுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தைப் பெற்றுக்கொண்டு, அது கிரப்பைச் சோதித்து உள்ளே விடும்படி செய்தார்கள். போட்டியாளரின் முத்திரையோடுதான் தம் வீட்டுக்குள் நுழைய முடியும் என்ற நிலை அப்போது பலருக்கு மனக்கசப்பை உண்டாக்கிற்று.

முத்திரை கொடுத்தால் அதை ரத்து செய்யவும் வேண்டிவரும். 2020 ஜூலையில், கிரப் தன் அமைப்புக் கோப்பைப் படிக்கும் முறையிலேயே ஓர் ஓட்டை இருப்பதை எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தார் வெளிப்படுத்தினார்கள். அதுவரை கையொப்பம் பெற்ற பழைய பிரதிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தடைப்பட்டியலில் ஏற்ற வேண்டியிருந்தது. ஃபர்ம்வேரில் அப்பட்டியலுக்குப் பொதுவாக இருந்த இடமோ 32 கிலோபைட். இந்த ஒரு விவகாரமே அதில் சுமார் 10 கிலோபைட்டை விழுங்கிற்று. இப்படியே போனால் கட்டுபடியாகாது என்று கண்டு, ஒவ்வொரு துவக்கியிலும் ஒரு தலைமுறை எண்ணைப் பொறித்து, 'இந்த எண்ணுக்குக் கீழ்ப்பட்டவை செல்லா' என்று ஒரே வரியில் விலக்கிவிடும் எஸ்பாட் என்னும் ஏற்பாட்டை வகுத்தார்கள். யோசனை நேர்த்தியானது. 2024 ஆகஸ்ட் 13 அன்று மைக்ரோசாஃப்ட் விநியோகித்த மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தம் அந்த எண்ணை உயர்த்திற்று. லினக்ஸும் இருக்கும் கணினிகளில் இது கைவைக்காது என்று முன்கூட்டியே உறுதி சொல்லியிருந்தார்கள். ஆனால் பல கணினிகளில் லினக்ஸ் இருப்பதையே அது கண்டுகொள்ளவில்லை. மறுநாள் லினக்ஸை எழுப்பியவர்கள், ஷிம்மின் எஸ்பாட் சோதனை தவறிவிட்டது, மிகவும் விபரீதமான ஏதோ நிகழ்ந்துவிட்டது என்று அறிவித்துவிட்டுக் கணினி தானே அணைந்துபோவதைக் கண்டார்கள். மீட்பதற்காகச் செருகிய பென் டிரைவும் சில இடங்களில் அதே வாசகத்தோடு நின்றது. பரிகாரம் அதிகச் சிரமமானதன்று: செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் சென்று, 'மோக்யூட்டில்' கட்டளையால் எஸ்பாட் விதியை அழித்து, ஒருமுறை மறுபடி துவக்கிய பின் செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்குவது. மைக்ரோசாஃப்ட் தன் தரப்பில் இதைத் தீர்த்துவைக்க அடுத்த ஆண்டு மே மாதம் ஆயிற்று.

ஒரு ஜாக்கிரதை மட்டும் இங்கே அவசியம். விண்டோஸின் தட்டு பிட்லாக்கர் என்னும் மறையாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால், செக்யூர் பூட்டில் கைவைத்தவுடனே அது சந்தேகம் கொண்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பிட்லாக்கர் இயங்குகிறது என்பதே தெரியாமல் பயன்படுத்துவோர் அநேகர். அந்தச் சாவியைத் தேடிக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளாமல் வேறு எதையும் தொட வேண்டாம்.

பென் டிரைவில் லினக்ஸைக் கொண்டு கணினியை எழுப்பிப் பழுது பார்ப்பதே கடைசியில் எல்லோரும் கையாளும் வழி. தட்டில் உள்ள லினக்ஸின் மூலப் பிரிவையும் துவக்கிப் பிரிவையும் இணைத்து, 'சி-ரூட்' கட்டளையால் அதற்குள்ளேயே புகுந்து, கிரப்பை மறுபடி நிறுவிப் பட்டியலைப் புதுப்பித்தால், லினக்ஸ் பக்கத்துக் கோளாறுகளில் பெரும்பாலானவை நிவர்த்தியாகும். விண்டோஸின் துவக்கிக் கோப்புகளே கெட்டிருந்தால், விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து 'பிசிடிபூட்' கட்டளை அவற்றைத் திரும்ப எழுதும். எழுதும்போது தன்னையே வரிசையின் தலையில் வைத்துக்கொள்ளும் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும். தளங்கள் யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருக்க, பென் டிரைவைப் பழைய பயாஸ் முறையில் எழுப்பிவிட்டுப் பழுது பார்ப்பவர்கள், எல்லாக் கட்டளைகளையும் பிழையின்றி ஓட்டிய பிறகும் பலன் காணாமல் திகைப்பார்கள்.

கணினி எழும்பிய பிறகும் இரண்டு சில்லறைத் தொல்லைகள் மிஞ்சலாம். விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், கணினியை அணைத்ததாகக் காட்டிவிட்டு உண்மையில் கெர்னலை உறங்கவே வைக்கிறது. அந்த உறக்கத்தில் இருக்கும் பிரிவில் எழுத லினக்ஸ் மறுப்பது நியாயமே. ஆகையால் அதை நிறுத்தி வைப்பது நல்லது. கடிகாரத்தில் உள்ள நேரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் கொள்வதால், நம் நாட்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது ஐந்தரை மணி நேரம் முன்னும் பின்னும் குதிக்கும். லினக்ஸிடம் உள்ளூர் நேரத்தையே எடுத்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

கடைசியாக, முத்திரை விவகாரத்தில் இன்னும் ஒன்று: ஷிம்முக்கு முத்திரையிட மைக்ரோசாஃப்ட் 2011-இல் உண்டாக்கிய சான்றிதழுக்கு 2026 ஜூன் வரையே ஆயுள் குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ் ஒன்று புழக்கத்துக்கு வந்திருக்கிறது. ஃபர்ம்வேர்கள் பொதுவாகத் தேதியைப் பார்ப்பதில்லை ஆகையால், ஏற்கெனவே ஓடும் துவக்கிகள் அந்த நாளோடு நின்றுவிடமாட்டா. ஆனால் புதிய சான்றிதழால் மட்டும் கையொப்பமிடப்பட்ட ஷிம்மை, அந்தச் சான்றிதழை அறியாத பழைய கணினி ஏற்காது. தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டிருந்தால், லினக்ஸின் அடுத்த பெரிய பதிப்புக்கு மாறுமுன் அதை ஏற்றிவிடுவது உத்தமம்.