அப்பா மேல கேஸ்... பிள்ளைக்கு ஏன் தண்டனை? மதுரை மண்ணின் நூறு வருடக் கதை

மதுரை அரசரடி பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். புது ஜெயில் ரோட்டில், 1865-ல் தொடங்கிய மத்தியச் சிறையின் வாசலில் காலையிலேயே ஆட்கள் கூடிவிடுவார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், "மனு பார்க்க வந்திருக்கோம்" என்பார்கள். உள்ளே இருப்பவரைப் பார்க்க மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதற்கு நம்ம பக்கம் அதுதான் பேர். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளும் இருப்பார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. டீச்சரிடம் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எஃப்.ஐ.ஆரில் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்காது. குற்றப்பத்திரிகையிலும் தீர்ப்பிலும் இருக்காது. ஆனால் சம்பாதிக்கிற ஆள் உள்ளே போனதும் முதல் அடி விழுவது பிள்ளையின் ஃபீஸ் மேல்தான். வக்கீலுக்குக் கொடுக்க அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகும். அம்மா வேலைக்குப் போக, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும். தெருவில் பெயரும் மாறிவிடும். நேற்றுவரை கொத்தனார் மகன், இன்றைக்கு 'ஜெயிலுக்குப் போனவன் மகன்'.

இத்தனைக்கும், இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்களா, இல்லையா என்று கோர்ட் இன்னும் சொல்லவில்லை. தெரு மட்டும் அவசரப்பட்டுப் பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

ரேகை வைத்த அப்பாக்கள்

இந்தப் பழக்கம் மதுரைக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் இது சட்டமாகவே இருந்தது. 1871-ல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பெயரிலேயே 'பரம்பரை' இருப்பதைக் கவனியுங்கள். அப்பன் செய்தானா என்றுகூடப் பார்க்க வேண்டியதில்லை, அந்தச் சாதியில் பிறந்தால் போதும். மதுரை வட்டாரத்தில் 1914-ல் நாகமலைப் பக்கம் இருக்கும் கீழக்குயில்குடியில் தொடங்கி, பிரமலைக் கள்ளர்கள் மேல் இது ஊர் ஊராகப் பாய்ந்தது.

ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். ராத்திரியானால் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். கல்யாணமான அன்று ராத்திரி மாப்பிள்ளையும் சாவடியில்தான் படுத்தான் என்று உசிலம்பட்டிப் பக்கம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அப்படியென்றால் அந்த வீட்டுப் பிள்ளைகளை யோசித்துப் பாருங்கள். பொழுது சாய்ந்தால் அப்பா இல்லாத வீடு. அந்தச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கவும் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது.

ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்த ஊர் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3-ம் தேதி அங்கே போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அன்று அனாதையான பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை நான் படித்த எந்தக் கட்டுரையிலும் பார்த்ததில்லை.

மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வாதாடினார். 'ரோசாப்பூ துரை' என்று ஜனங்கள் அவரைப் பிரியமாகக் கூப்பிட்டார்கள். பிறகு முத்துராமலிங்கத் தேவர், ஜீவா என்று பலர் போராடி, 1947-ல் நம் மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. அப்பாவிடம் ரேகை வாங்கிய அதே அரசு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. அவைதான் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இந்தப் பள்ளிகளைப் பார்க்கலாம். 'சீரமைப்பு' என்ற சொல் எனக்கு எப்போதும் உறுத்தும். ஆறு வயதுப் பிள்ளையிடம் சீரமைக்க என்ன இருந்தது? ஆனால் அங்கே படித்துத்தான் பல குடும்பங்கள் எழுந்து வந்தன. 2023 பட்ஜெட்டில் இவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக அரசு அறிவித்தபோது, இந்தப் பக்கம் எதிர்ப்பு கிளம்பியதற்குக் காரணம் அதுதான்.

நீதிபதி பார்த்த குழந்தை

சட்டம் ஒழிந்தாலும் கோர்ட்டின் கண்ணில் பிள்ளை பட ரொம்ப நாளானது. ராஜீவ் காந்தி கொலை வழக்கு நமக்கெல்லாம் தெரியும். கைதானபோது நளினி கர்ப்பிணி. 1992-ல் சிறைவாசத்தில்தான் மகள் பிறந்தாள். 1999-ல் உச்ச நீதிமன்றம் நளினி, முருகன் உட்பட நான்கு பேரின் தூக்குத் தண்டனையை உறுதி செய்தது. மூன்று நீதிபதிகளில் கே.டி.தாமஸ் மட்டும் நளினிக்குத் தூக்கு வேண்டாம் என்றார். அப்பாவுக்கும் தூக்கு, அம்மாவுக்கும் தூக்கு என்றால் அந்தக் குழந்தை அனாதையாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 2000-ல் நளினியின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. மகள் உறவினரிடம் வளர்ந்தாள். 2019-ல் மகளின் கல்யாண ஏற்பாட்டுக்காக அம்மா பரோலில் வந்தார், 2022-ல் விடுதலையானார். அந்த வழக்கைப் பற்றி யாருக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். குண்டு வெடித்தபோது அந்த மகள் பிறக்கவே இல்லை.

2006-ல் உச்ச நீதிமன்றம் ஆர்.டி.உபாத்யாய் வழக்கில், சிறையில் அம்மாவோடு இருக்கும் குழந்தைகளுக்காகவே ஒரு தீர்ப்பு கொடுத்தது. மதுரை பெண்கள் தனிச்சிறை உட்பட எல்லாச் சிறைகளுக்கும் அதுதான் வழிகாட்டி. ஆறு வயதுவரை குழந்தை அம்மாவோடு இருக்கலாம். குழந்தையைக் கைதியாக நடத்தக் கூடாது. சாப்பாடு, மருத்துவம், விளையாட்டு, படிப்பு எல்லாம் கொடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் சிறை என்று எழுதவே கூடாது. ஆறு வயதுக்குப் பிறகு அம்மா விரும்பும் உறவினரிடமோ, காப்பகத்திலோ விட வேண்டும்.

ஆறாவது பிறந்தநாளை எந்தக் குழந்தையும் ஆசையாக எதிர்பார்க்கும். சிறைக்குள் இருக்கும் அம்மாவுக்கு அந்தத் தேதி எப்படியிருக்கும்?

வெளியே இருக்கும் பிள்ளைக்கு?

உள்ளே இருக்கும் குழந்தைக்காவது ஒரு தீர்ப்பு இருக்கிறது. அப்பா உள்ளே, பிள்ளை வெளியே என்பதுதான் அதிகம் நடப்பது. அவர்களுக்கு இருப்பதெல்லாம் துண்டு துண்டானவை. பலருக்குத் தெரியாததால் சொல்லிவிடுகிறேன்.

தண்டனைக் கைதி என்றால், தமிழ்நாட்டின் 1982-ம் ஆண்டு தண்டனை நிறுத்தி வைப்பு விதிகளின்படி விடுப்பு கேட்கலாம். பிள்ளையைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்ப்பதும் அதற்கு ஒரு காரணமாக விதியிலேயே இருக்கிறது. விசாரணைக் கைதிக்கு இது கிடையாது, அவர் கோர்ட்டில் இடைக்கால ஜாமீன்தான் கேட்க வேண்டும். குற்றம் நிரூபணமானவருக்கு இருக்கும் வழி நிரூபணமாகாதவருக்கு இல்லை என்பது வேடிக்கைதான்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள் இவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தோட்டை அடகு வைக்கும் முன் அங்கே ஒருமுறை போய் வரலாம்.

2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக்கரங்கள்' திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். அதில் சிறை வருகிறது, ஆனால் பெற்றோரில் ஒருவர் இறந்து மற்றவர் சிறையில் இருந்தால்தான். அப்பா உள்ளே, அம்மா கூலி வேலையில் என்ற வீட்டுப் பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. அரசு யோசிக்க வேண்டிய இடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக, வீட்டுக்குள் இருக்கும் ஒரு சிக்கல். "அப்பா சிங்கப்பூர்ல இருக்காரு" என்று சொல்லிச் சமாளிக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் மேல் தப்பில்லை, ஊர் வாய் அப்படி. ஆனால் 1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, காவலில் இருக்கும் பெற்றோர் எங்கே இருக்கிறார் என்பதைக் குழந்தைக்கு நலமாக இருக்கும்வரை தெரிவிக்கச் சொல்கிறது. பெற்றோரின் நிலையை வைத்துப் பிள்ளையை ஒதுக்கக் கூடாது என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. வீட்டில் யாரும் சொல்லாவிட்டால், பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்ச் பையன் சொல்லிவிடுவான். அவன் சொல்லும் விதம் வேறு மாதிரி இருக்கும். எப்படிச் சொல்வது என்று தடுமாறுகிற அம்மாக்களும் பாட்டிகளும், வகுப்பில் இப்படி ஒரு பிள்ளையைக் கவனித்த ஆசிரியர்களும் 1098 எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் இல்லை.